ஆர்.டி.350 முதல் அப்பாச்சி 310 வரை: ரேஸ் டிராக்குக்கும் நம்ம ரோட்டுக்கும் நடுவில்

பைக் வாங்கப் போகிறேன் என்று எங்கள் வகுப்பில் யார் சொன்னாலும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான். "டாப் ஸ்பீடு எவ்வளவுடா?" இரண்டாவது கேள்வி மைலேஜ், அதுவும் பெட்ரோலுக்கு அப்பா காசு கொடுக்காதவன் கேட்பது. "பிரேக் பிடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று இதுவரை ஒருத்தனும் கேட்டு நான் பார்த்ததில்லை. நம்ம ஊர் ஸ்போர்ட்ஸ் பைக்குகளின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் புரிந்தது. கம்பெனிகளும் ரொம்ப வருடம் இதே வரிசையில்தான் யோசித்திருக்கிறார்கள்.

முதலில் 'நடுத்தர' பைக் என்றால் என்ன? வெளிநாட்டில் இது பெரும்பாலும் 600 சி.சி. வகை. யமஹா ஆர்6, ஹோண்டா சி.பி.ஆர்.600 எல்லாம் இதில் வரும். நம் நாட்டில் 100 சி.சி.யை வைத்துக் குடும்பமே நடத்தினோம். அதனால் இங்கே 300 முதல் 650 வரை நடுத்தரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் பார்த்தால் நம்ம கதை வடசென்னையில் தொடங்குகிறது.

ராணுவத்துக்காக 1952ல் 800 புல்லட் ஆர்டர் போனது. அதைத் தொடர்ந்து 1955ல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. அதே காலத்தில், 1953ல், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. அவர்களுக்குப் பந்தயம் நடத்தக் கிடைத்த இடம் செங்குன்றம் தாண்டி சோழவரத்தில் இருந்த பழைய விமான ஓடுதளம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்டது, போர் முடிந்ததும் சும்மா கிடந்தது. ரேஸுக்கு என்று கட்டியது இல்லை. விமானம் ஏறி இறங்க நீளமாகப் போட்ட தளத்தில் பைக்கை முறுக்கிக்கொண்டு போய், கடைசியில் பிரேக் அடித்துத் திரும்ப வேண்டும்.

ரேஸுக்கென்றே தனியாக ஒரு பைக் அப்போது இங்கே கடையில் கிடைக்காது. இறக்குமதிக்கு ஆயிரம் தடை. ஆகவே வார நாளில் ஆபீஸ் போகும் புல்லட்டும், மைசூரில் செய்த ஜாவாவும்தான் ரேஸ் நாளில் லைட்டைக் கழற்றிவிட்டு ஓடுதளத்துக்கு வரும். ரோடு பைக், டிராக் பைக் என்ற பிரிவே இல்லை. இருக்கிறது ஒரே பைக், கழற்றி மாட்டுவதில்தான் வித்தியாசம்!

இந்த நிலையில் 1983ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி ராஜ்தூத் 350 என்ற பெயரில் யமஹா ஆர்.டி.350ஐக் கொண்டுவந்தது. இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமான பைக் இதுதான், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

347 சி.சி., இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், ஆறு கியர். புல்லட்டில் நான்கு கியர் போட்டுப் பழகியவர்களுக்கு இது வேறு கிரகத்துப் பொருள். ஆனால் உலகக் கணக்கில் இது புதுசு கிடையாது. ஜப்பானில் 1973லேயே வந்த மாடல். 1980லேயே யமஹா தண்ணீரில் குளிரும் அடுத்த தலைமுறைக்குப் போய்விட்டது. பத்து வருடப் பழைய டிசைன்தான் நமக்குப் புத்தம் புதுசாக வந்தது.

அசல் ஜப்பான் வண்டிக்கு 39 குதிரைத்திறன். நம்ம ஊருக்கு வரும்போது முதலில் 30.5 ஆக்கினார்கள். அப்புறம் பெட்ரோல் ரொம்பக் குடிக்கிறது என்று 27க்கு இறக்கினார்கள். பழைய ஆட்கள் 'ஹை டார்க்', 'லோ டார்க்' என்று பிரித்துச் சொல்வது இந்த இரண்டைத்தான். இவ்வளவும் பல பேருக்குத் தெரிந்த விஷயம். அதிகம் பேசாத இன்னொன்று இருக்கிறது. அசல் வண்டியில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் உண்டு. இந்திய வண்டியில் விலை ஏறாமல் இருக்க அதை எடுத்துவிட்டு இரண்டு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்கை மாட்டினார்கள்.

காமர்ஸ் மாணவனாக அந்த முடிவை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அடக்க விலையைக் குறைக்க வேண்டும், வாங்குபவர் கண்ணுக்குக் குறை தெரியவும் கூடாது. ஷோரூமில் நிற்கும் வண்டியில் பிரேக் தெரியாது, எஞ்சின் சத்தம்தான் தெரியும். ஆனால் ரோட்டில் என்ன ஆகும்? சக்தி கால் பங்கு குறைந்தாலும் அன்றைய இந்திய ரோட்டில் இதைவிட வேகமான வண்டி கிடையாது. பிரேக்கோ பழைய வண்டிகளின் ரகம். ஆர்.டி. என்ற இரண்டு எழுத்துக்கு 'ரேப்பிட் டெத்' என்று ஜனங்களே விரிவாக்கம் கொடுத்துவிட்டார்கள். சும்மா வந்த பெயர் இல்லை.

டிராக்கில் இதே வண்டிக்கு ராஜ மரியாதை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் போர்ட்டை அரம் போட்டுத் தேய்த்து, சைலன்சரை மாற்றினால் குறைத்த குதிரைத்திறனைத் திரும்ப எடுத்துவிடலாம். அங்கே மைலேஜ் பற்றி யாருக்குக் கவலை? ஆனால் கடையில் லிட்டருக்கு 20, 25 கிலோமீட்டர் தரும் வண்டி எப்படி ஓடும்? 1985ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்து 80 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்தது. அதே வருடம் யமஹா ஆர்.எக்ஸ்.100ம் வந்தது. ராஜ்தூத் 350 உற்பத்தி 1990ஐ ஒட்டி நின்றே போனது. சந்தை மைலேஜுக்கு ஓட்டுப் போட்டது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ரொம்ப காலம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. 1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டருக்கு நிஜமான ரேஸ் டிராக் திறந்தார்கள், சோழவரம் பழங்கதை ஆனது. 2003ல் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. டிராக் தயார், ஓட்டுவதற்குத்தான் நடுத்தர பைக் இல்லை. 100, 150 சி.சி. வண்டிகளை வைத்தே சாம்பியன்ஷிப் நடத்தினார்கள். ஒரு நல்ல காரியம் மட்டும் நடந்தது. 1999ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.பி.இசட்.டில் முன் டிஸ்க் பிரேக் இருந்தது. ராஜ்தூத்திடமிருந்து பிடுங்கிய சாமான் 16 வருடம் கழித்து அதில் பாதி சி.சி.கூட இல்லாத வண்டியில் திரும்பி வந்தது!

பிரேக் பிரேக் என்று ஏன் அடித்துக்கொள்கிறேன் என்றால், ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நல்ல டயர், காய்ந்த ரோடு, நல்ல பிரேக் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க சுமார் 18 மீட்டர் வேண்டும். 120ல் போனால் வேகம் இரண்டு மடங்குதான், தூரம் நான்கு மடங்கு, கிட்டத்தட்ட 71 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு வினாடி ஆகும். 120ல் அந்த ஒரு வினாடியிலேயே 33 மீட்டர் ஓடிவிடும். ஆக மொத்தம் நூறு மீட்டருக்கு மேல்.

டிராக்கில் இந்த நூறு மீட்டர் பெரிய விஷயமில்லை. எதிரே வண்டி வராது, வளைவுக்கு வெளியே விழுந்து உருள இடம் உண்டு, கொடி பிடிக்க ஆள் உண்டு, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். எங்கள் பக்கத்து ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.ரெட்டியபட்டியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வந்து மதுரை - தூத்துக்குடி நாற்கரச் சாலையில் ஏறினால் பந்தல்குடி, எட்டயபுரம் என்று நேராகக் கிடக்கும். பார்த்தாலே கை முறுக்கச் சொல்லும். ஆனால் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து எப்போது ஆட்டுக்கிடை ரோட்டில் ஏறும் என்று சொல்ல முடியாது. யூ-டர்ன் தூரம் என்பதால் ராங் சைடிலேயே வருவார் ஒரு பெரியவர். டி.வி.எஸ். 50ல் இரண்டு பக்கமும் தண்ணீர்க் குடம் தொங்கும், ஹெட்லைட் எரியாது. அவருக்கு நூறு மீட்டர் கணக்கெல்லாம் தெரியாது.

(டிராக்கில் சாவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் கீழே விழுந்து இறந்துபோனான். அவ்வளவு ஏற்பாடு இருக்கும் இடத்திலேயே இந்தக் கதி.)

டி.வி.எஸ். 50 என்றதும் இன்னொன்று. அந்த மொபட் ஓசூரில் 1980ல் வந்தது. இரண்டே வருடத்தில், 1982ல், அந்தக் கம்பெனி சொந்தமாக ரேஸ் அணி ஆரம்பித்தது. அப்போது அவர்கள் கையில் இருந்தது அந்த மொபட் மட்டும்தான் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது. அதே ஓசூரிலிருந்து 2017 டிசம்பரில் அப்பாச்சி ஆர்.ஆர்.310 வந்தது. பி.எம்.டபிள்யூ.வோடு சேர்ந்து உருவாக்கிய 312 சி.சி. எஞ்சின், 34 குதிரைத்திறன், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க், ஏ.பி.எஸ்.

இதற்கு முன்னால் 2013ல் கே.டி.எம். டியூக் 390ம், 2014ல் ஆர்.சி.390ம் வந்துவிட்டன. 373 சி.சி.யில் 43 குதிரைத்திறனுக்கு மேல். இரண்டிலும் ஏ.பி.எஸ். இருந்தது. ஆனால் காலேஜ் பையன்கள் அதிகம் வாங்கிய டியூக் 200ல் 2018 வரை அது இல்லை. விலைதான் காரணம் என்று ஊகிக்கலாம், மறுபடியும் ராஜ்தூத் கதை! கடைசியில் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம் என்று அரசு சட்டம் போட்டுத்தான் முடித்து வைத்தது.

ஆர்.சி.390ஐயும் ஆர்.ஆர்.310ஐயும் ஒப்பிட்டால் என் ஓட்டு 310க்கு. டிராக்கில் ஆர்.சி. முன்னால் போய்விடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பழைய ஆர்.சி.யின் ஹேண்டில்பார் ரொம்பத் தாழ்வு, மதுரை போய் வருவதற்குள் மணிக்கட்டு கேள்வி கேட்கும். 310ல் 2020 மாடலில் ஒரு வேலை செய்தார்கள். மழை, நகரம், ஸ்போர்ட், டிராக் என்று நான்கு மோடு. மழையிலும் நகரத்திலும் 25.8 குதிரைத்திறன்தான் வரும், மற்ற இரண்டில் முழு 34. ஏ.பி.எஸ்.ஸும் மோடுக்குத் தக்கபடி மாறும். எண்ணைக் கவனியுங்கள். அன்றைக்கு 30.5, 27 என்று இரண்டு மாடலாக விற்றதை இப்போது ஒரே வண்டிக்குள் பட்டனாக வைத்துவிட்டார்கள். பிரேக்கை எடுக்காமல்!

2018ல் வந்த ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜி.டி.650ஐயும் விடக்கூடாது. இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன், 2021 முதல் அதற்கென்றே தனி ரேஸ் தொடரும் உண்டு. ஆனால் எடை 200 கிலோவை ஒட்டி வரும். ஹைவேக்கு அருமை, டிராக் வளைவில் உடம்பு வளைய வேண்டும்.

வெளிநாட்டில் கதை எதிர்த்திசையில் போயிருக்கிறது. 1999ல் வந்த யமஹா ஆர்6 முழுக்க டிராக்குக்காகவே செய்த மாதிரியான வண்டி. ரோட்டில் வாங்க ஆள் குறைந்தது, புகை விதிகள் இறுகின. 2020க்குப் பிறகு ஐரோப்பாவில் ரோட்டுக்கான ஆர்6 நின்றது, டிராக்கில் மட்டும் ஓட்டும் வண்டியாக விற்றார்கள். அதன் இடத்துக்கு வந்த ஆர்7ல் சக்தி குறைவு, ரோட்டில் ஓட்டச் சுலபம்.

ராஜ்தூத் 350 இப்போது லட்சக்கணக்கில் விலை போகிறது, அன்று மைலேஜ் இல்லை என்று ஒதுக்கிய அதே வண்டி. வாங்கி ரெடி பண்ணுகிறவர்களில் பலர் அசல் சாமானைத் தேடித் தேடி மாட்டுவார்கள், நட்டு போல்ட் வரைக்கும். முன் சக்கரத்தில் மட்டும் அசல் டிரம்மைக் கழற்றிவிட்டு வேறு வண்டியின் டிஸ்க்கை மாட்டிக்கொள்கிறார்கள்.