பழைய நிலப்படங்களும் ஊர் வரலாறும்: கொற்கைப் பகுதி பற்றிய ஓர் ஆய்வு

ஊர் வரலாறு எழுதப் புகுவார் கல்வெட்டையும் செப்பேட்டையும் இலக்கியத்தையும் சான்றாகக் கொள்வர். நில அளவைத் துறையார் வரைந்த பழைய நிலப்படங்களை அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணுவார் சிலரே. வழி தேடுவோர்க்கு உதவும் தாள் என்ற அளவிலேயே அவை ஒதுக்கப்பட்டன. நிலப்படமும் ஒரு நூலே என்பதும், ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்பார் கையாளும் முறையாலேயே அதனையும் படித்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. இவ்வாய்வுக்கு இக்காலத்தே ஒரு தனித்தேவையும் நேர்ந்துளது. பழைய படங்கள் பல இன்று மின்படிகளாக எவர் கைக்கும் எட்டுகின்றன. மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகமறி கருவியும் விலைக்குக் கிடைக்கின்றது. படத்தில் பாழூர் எதுவெனக் கண்டு, கருவியோடு சென்று காசு தேடுதல் மேல்நாடுகள் சிலவற்றிற் பொழுதுபோக்காக வளர்ந்துளது. நம் நாட்டில் அதனை மேற்கொள்வார் பெறுவது யாது, இழப்பது யாது என்பதைக் கொற்கைப் பகுதியைக் கொண்டு காண்போம்.

தமிழகத்தில் நில அளவையும் சுவடித் தொகுப்பும் ஒருவர் கையிலேயே தொடங்கின என்பது நினைக்கத்தக்கது. 1815-ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக அமர்ந்த காலின் மெக்கன்சி, படம் வரைந்தமையோடு நில்லாது ஊர்தோறும் ஏடுகளையும் கைபீதுகளையும் கல்வெட்டுப் படிகளையும் தொகுத்தார். அத்தொகுப்பின் ஒரு பகுதி இன்றும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உளது. அவர் காலத்தவரான வில்லியம் லாம்டன் 1802-இல் பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். மலையில்லாத சமவெளியிற் கோயிற் கோபுரங்களே அவர்க்கு நோக்கிடங்கள் ஆயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் ஏற்றும்பொழுது கயிறு அறுந்து, அரை டன் எடையுள்ள கோணமானி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டனே அதனைச் செப்பனிட்டு வேலையைத் தொடர்ந்தார். நம் பழைய படங்களின் எலும்புக்கூடு ஓரளவு கோபுரங்களின்மீது நிற்கின்றது எனினும் பிழையாகாது.

1905-ஆம் ஆண்டிற்குப் பின் வெளிவந்த ஓரங்குலத் தாள்களே ஊர் ஆய்வுக்குப் பெரிதும் பயன்படுவன. ஓரங்குலம் ஒரு மைலைக் குறிக்கும். நீர்நிலை நீலம், குடியிருப்பு சிவப்பு, காடு பச்சை, விளைநிலம் மஞ்சள், மேடுபள்ளக் கோடுகள் பழுப்பு என நிறம் பகுத்திருப்பர். எட்டு முதல் பன்னிரண்டு பாகை வரையுள்ள அட்சப் பகுதியும் எழுபத்தாறு முதல் எண்பது பாகை வரையுள்ள தீர்க்கப் பகுதியும் கூடிய பரப்பு 58 என்னும் எண் பெறும். அதனுள் ஆதிச்சநல்லூர் 58 எச் தாளிலும் கொற்கை 58 எல் தாளிலும் அமையும். குறி விளக்கத்தில் மக்கள் வாழும் ஊர்க்கு ஒரு குறியும் கைவிடப்பட்ட ஊர்க்கு வேறொரு குறியும் தரப்பட்டிருத்தல் காணலாம். கோட்டைக்கும் கல்லறைக்கும் தனிக்குறிகள் உள. முந்திய பதிப்பையும் பிந்திய பதிப்பையும் அடுத்தடுத்து வைத்து நோக்கின், நீல நிறம் பெற்றிருந்த குளம் மஞ்சள் வயலாயிருத்தலும், பெயரோடிருந்த சிற்றூர் வெறும் புள்ளியாய்த் தேய்ந்திருத்தலும் புலப்படும். சுவடி ஆய்வார் பாடவேறுபாடு என்பது இதனையே.

இனிக் கொற்கையைக் காண்போம். சங்க இலக்கியம் முத்துக்குப் புகழும் இத்துறைமுகம் கிரேக்கரால் கோல்கை எனக் குறிக்கப்பட்டது. இன்று அது கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்வாங்கி வயல்களுக்கிடையே கிடக்கின்றது. அறிஞர் கால்டுவெல் இப்பகுதியை நேரிற் சென்று ஆய்ந்து, கொற்கையையும் காயலையும் பற்றி 1877-இல் 'இந்தியன் ஆண்டிகுவரி' இதழில் எழுதினார். மார்க்கோ போலோ கண்ட காயல் இன்றைய பழையகாயலே என்று நிறுவியவரும் அவரே. படத்தை விரித்து நோக்குவார்க்கு அவர் கூறியது தெளிவாகும். மேற்கே கொற்கை, அதற்குக் கீழ்ப்பால் பழையகாயல், ஆற்று முகத்தில் புன்னைக்காயல். பொருநை கொணர்ந்த வண்டல் கடலைத் தள்ளத் தள்ளத் துறைமுகமும் அதன் பின்னே கிழக்கு நோக்கி நடந்தது. பன்னூற்றாண்டு வரலாற்றை ஒரு சாண் அகலத் தாளில் இவ்வாறு காட்டும் சான்று வேறில்லை.

அப்பகுதி ஊர்ப்பெயர்களும் பேசுகின்றன. மாறமங்கலம் என்பதில் பாண்டியர்க்குரிய மாறன் என்னும் பெயர் உளது. கொற்கையை அடுத்து அக்கசாலை என்னும் பெயர் வழங்குகின்றது. அங்குள்ள கோயிலின் இறைவனும் அக்கசாலை ஈசுவரமுடையார் எனப்படுவர். அக்கசாலை என்பது பொற்கொல்லர் தொழிற்கூடம், நாணயம் அடிக்குமிடம் எனப் பொருள்படும் பழஞ்சொல். காசு தேடுவார்க்கு இப்பெயர் ஒன்றே போதும், அச்சத்திற்குரியதும் அதுவே.

படத்திலுள்ள பெயர்களைப் படிப்பதில் ஒரு தடை உண்டு. அவை உரோமன் எழுத்தில் உள்ளன. அவ்வெழுத்திற்கு ல, ள, ழ என்னும் வேறுபாடு இல்லை. ன, ண வேறுபாடும் இல்லை. ஆகவே படத்தில் 'பலி' போன்று காணப்படும் ஈறு பாழியா, பள்ளியா, பாலியா என்பதை எழுத்தைக்கொண்டு துணிதல் இயலாது. பாழி எனின் பழங்கோட்டை, பள்ளி எனின் சமணரோ புத்தரோ வாழ்ந்த இடம் என வரலாறே வேறாகிவிடும். தரங்கம்பாடி டிராங்குபார் ஆனதைக் கண்டோர்க்கு இதனை விரிக்க வேண்டுவதில்லை. இத்தடையை நீக்குவன ஊர்க் கணக்குகளாம். ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்னும் அளவில் வரைந்த கிராம நிலப்படமும் புலப்படச் சுவடியும் 'அ' பதிவேடும் தமிழ் வழக்கை அறியத் துணைநிற்பன. அவற்றுள் நத்தம் என வகுக்கப்பட்ட நிலத்தை முதலிற் பார்த்தல் வேண்டும். இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுக்கள் இறை நீங்கிய நிலங்களை வகுக்குங்கால் ஊர்நத்தத்தைக் குளத்தோடும் சுடுகாட்டோடும் சேர்த்து எண்ணுகின்றன. ஆயிரம் ஆண்டு கடந்தும் அச்சொல் வருவாய்த் துறையில் உயிரோடிருக்கின்றது. மனையொன்றும் இன்றி வெற்றிடமாய் நத்தம் எனப் பதிவாகியிருப்பின், அங்கு முன்னர் ஊர் இருந்தது என்று கருத இடமுண்டு.

ஓரங்குலத் தாளின் குறையொன்றையும் சொல்லுதல் தகும். அதில் மேடுபள்ளக் கோடுகள் ஐம்பதடி இடைவெளியில் வரையப்பட்டன. கழிமுகச் சமவெளியில் பத்தடி உயரமுள்ள பழமேடு அக்கோடுகளுக்குள் அகப்படாது நழுவிவிடும். படம் எங்குச் செல்வது என்று சொல்லும். காலால் நடந்து பானையோடு கிடக்கின்றதா என்று பார்த்தல் ஆய்வாளன் கடன்.

உலோகமறி கருவி செய்வது யாது? சுருள் வழியே மாறுமின்னோட்டத்தைச் செலுத்திக் காந்தப்புலம் எழுப்பும். நிலத்துள் உலோகம் இருப்பின் அதில் எதிர்மின்னோட்டம் தோன்றும். அதனைக் கருவி ஒலியாக்கித் தரும். சிறு காசாயின் ஏறத்தாழ ஒரு சாண் ஆழமே அதற்கு எட்டும். பானையோட்டிற்கோ சங்கிற்கோ மணிக்கோ அது வாய் திறவாது. கொற்கையில் 1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபொழுது வெளிப்பட்டவை பெரும்பாலும் அத்தகையனவே: தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், சங்குத் துண்டுகள், சிப்பிகள், உறைகிணறு. முத்துக்குப் பேர்பெற்ற ஊரில் முத்துச்சிப்பியை அறியாத கருவியைக்கொண்டு வரலாறு தேடுதல் நகைப்பிற்குரியது. அதனினும் தீயது, ஒலி கேட்ட இடத்தில் தோண்டும் குழி. அது மேலடுக்கையும் கீழடுக்கையும் கலந்துவிடும்.

அடுக்கு இன்றியும் காசு பேசாதோ எனின், பேசும். கரூர் அமராவதி ஆற்று மணலிற் கிடைத்த மாக்கோதை, குட்டுவன் கோதை காசுகள் சேர அரசர் பெயர்களைத் தாமே தாங்கி வந்தன. அவற்றை விலைக்குப் பெற்று வெளியிட்டோர் செய்தது பெருந்தொண்டு. ஆயினும் அவற்றின் காலம் பற்றி அறிஞரிடையே நூற்றாண்டுக் கணக்கில் வேறுபாடு நிலவுதல், அவை கிடந்த அடுக்கு அறியப்படாமையாலேயாம். பழனியருகே பொருந்தலில் 2009-இல் அகழ்ந்த ஈமச்சின்னம் ஒன்றில் எழுத்துடைய கலத்தோடு நெல்லும் இருந்தமையால், அந்நெல்லைக் கரிமக் கணக்கிட்டு கி.மு. 490 எனக் காலம் கூற இயன்றது. நெல்லிற்கு விலையில்லை, எனினும் அங்குக் காலத்தைச் சொன்னது அதுவே.

கருவியைக் கையாள்வோர் யாவரும் வரலாற்றிற்குப் பகைவர் என்பதும் எம் கருத்தன்று. 1992-இல் இங்கிலாந்தின் சபோக் மாவட்டத்து ஆக்சன் என்னும் ஊரில், தொலைந்த சுத்தியலைத் தேடச் சென்ற எரிக் லாவசு என்பார் உரோமர் காலக் காசுப் புதையலைக் கண்டார். சிறிது தோண்டியதும் நிறுத்தி அறிவித்தார். தொல்லியலார் மறுநாளே வந்து முறைப்படி அகழ்ந்தமையால், ஏறத்தாழப் பதினையாயிரம் காசுகளும் நகைகளும் மரப்பேழையுள் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்பதும் தெரியவந்தது. அவர் தாமே அனைத்தையும் வாரியெடுத்திருப்பின் பேழை இருந்ததே தெரிந்திராது.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் பழையதே. 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டம், பத்து ரூபாய் மதிப்பிற்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்தால் அறிவித்தல் வேண்டும் என்று விதித்தது. அன்று பத்து ரூபாய் சிறுதொகையன்று. அவ்வறிவிப்பில் பொருளின் தன்மையும் மதிப்பும், கிடைத்த இடமும், கிடைத்த நாளும் குறிக்கப்படல் வேண்டும். இடத்தைப் புல எண்ணோடு எழுதுவார்க்கு மேற்கூறிய கிராம நிலப்படமே கைகொடுக்கும். எந்த அடுக்கில் கிடைத்தது என்பதை மட்டும் அச்சட்டம் வினவவில்லை.