கரண்ட் வந்ததும் ஊமையான பழைய கீபோர்ட்: தூக்கி எறியுமுன் பார்க்க வேண்டியவை

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு என்று சொல்லப்பட்டு நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. இப்படியான நேரங்களில் வீடுகளில் முதலில் கவலைப்படுவது குளிர்சாதனப் பெட்டியைப் பற்றித்தான். தேவாலய மூலையிலோ இசைக்குழுக்காரரின் கட்டிலுக்குக் கீழோ இருக்கும் பழைய கீபோர்ட் நினைவுக்கு வருவது அடுத்த ஆராதனைக்கோ அடுத்த கல்யாண வீட்டுக்கோ அதை எடுக்கும்போதுதான். சுவிட்சைப் போட்டால் வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை.

மின்சாரம் போகும்போது கருவிகள் பழுதாவது குறைவு. அது திரும்பி வரும் கணத்தில்தான் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. நியூட்ரல் கம்பி கழன்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கியும் வரலாம். ஆனால் அந்த அடியை முதலில் வாங்குவது அடப்டர், பியூஸ், ரான்ஸ்போமர் போன்ற மலிவான பாகங்கள். பெரும்பாலும் பழுது அங்கேயே நின்றுவிடும். விலைமதிப்பான சிப்கள் சாவது அதற்குப் பிறகு, அவசரத்தில் செய்யும் திருத்தத்தில்தான். யமஹா 1983 இல் வெளியிட்ட டிஎக்ஸ்7 இன் ஒலியை உருவாக்கும் இரண்டு சிப்களும் அந்த நிறுவனமே தனக்கென வடிவமைத்தவை. இன்று அவை வேண்டுமென்றால் பெரும்பாலும் செத்துப்போன இன்னொரு பழைய கருவியில் இருந்துதான் கழற்ற வேண்டும்.

எனவே சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோங்கள். கருகிய மணம் வந்தால் நேரே திருத்துபவரிடம் கொண்டுபோவதுதான் நல்லது.

பற்றரியிலும் இயங்கும் வகை என்றால் பாதிச் சோதனை வீட்டிலேயே முடியும். கசியோ சிஸெட்-101 போன்றவை டோர்ச்சுக்குப் போடும் பெரிய பற்றரி ஆறில், அதாவது 9 வோல்ட்டில் வேலை செய்யும். அடப்டரைக் கழற்றிவிட்டுப் புதிய பற்றரிகளைப் போடுங்கள். சத்தம் வந்தால் கீபோர்ட் சுகமாக இருக்கிறது; பழுது அடப்டரில் அல்லது அதைச் செருகும் துளையில்.

அடுத்த தவறு கடையில் நடக்கிறது. அடப்டர் போய்விட்டது என்று, முனை பொருந்துகிற எதையாவது வாங்கி வருகிறோம். பழைய கசியோக்கள் பலவற்றுக்கு 9 வோல்ட், முனையின் நடுவில் நெகட்டிவ். யமஹா பிஎஸ்ஆர் வரிசையில் பலவற்றுக்கு 12 வோல்ட், நடுவில் பொசிட்டிவ். ஒன்றின் அடப்டர் மற்றதில் அழகாகப் போய் உட்காரும். உட்கார்ந்தபின் கூடுதல் வோல்ட்டும் தலைகீழ் மின்சாரமும் ஒன்றாகப் பாயும். துளைக்கு அருகே அச்சிட்டிருக்கும் சின்ன வட்டக் குறியைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நேரே சுவரில் செருகும் கருவி என்றால் பின்பக்க எழுத்தை முதலில் வாசிக்க வேண்டும். ஜப்பான் சந்தைக்கென்று செய்து, பாவித்த பொருளாக இங்கு வருபவற்றில் 100 வோல்ட் என்றிருக்கும். இரண்டு தட்டைக் கால் பிளக்கும் அதற்கு ஓர் அடையாளம். அதற்கு இடையில் 230 ஐ 100 ஆக இறக்கும் ரான்ஸ்போமர் கட்டாயம் வேண்டும். மின்வெட்டுக்குப் பிறகு யாரோ சாமான்களை இடம் மாற்றி, அதை நேரே சுவரில் செருகியிருக்கலாம். கேட்டுப் பாருங்கள், கோபிக்காமல்.

பியூஸ் எரிந்திருந்தால் அதே அம்பியர், அதே வகைதான் போட வேண்டும். கண்ணாடிப் பியூஸின் மூடியில் T என்றிருந்தால் மெதுவாக எரிவது, F என்றால் உடனே எரிவது. சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடும் நம்மூர் வைத்தியம்தான் பல கருவிகளைக் கொன்றிருக்கிறது. புதிய பியூஸும் உடனே எரிந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட் இருக்கிறது: அடியை வாங்கிக்கொண்ட வாரிஸ்டராகவோ ரெக்டிஃபையர் டயோட்டாகவோ இருக்கலாம். மூன்றாவது பியூஸைத் தேடாதீர்கள்.

மீற்றர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, கீபோர்டின் சுவிட்சை ஒன் நிலையில் வைத்து, பிளக்கின் இரண்டு மின் கால்களுக்கும் இடையே ஓம் அளவைப் பாருங்கள். பழைய ரான்ஸ்போமர் வகையில் சில பத்து முதல் சில நூறு ஓம் காட்டினால் அந்தப் பாதை தொடர்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் வயர், சுவிட்ச், பியூஸ் அல்லது ரான்ஸ்போமர் சுருளுக்குள்ளேயே இருக்கும் வெப்பப் பியூஸ் அறுந்திருக்கிறது.

மூடியைத் திறப்பது வேறு விடயம். ரான்ஸ்போமருக்குப் பதிலாக ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை உள்ளவற்றில், பிளக்கைக் கழற்றிய பின்னும் பெரிய கபாசிட்டரில் 320 வோல்ட் அளவு தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர் கை வைக்க வேண்டாம்.

திருத்துபவரிடம் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேளுங்கள்: பவர் சப்ளையிலிருந்து பிரதான பலகைக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவிட்டு, 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று முதலில் அளக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் ஷோர்ட் ஆகியிருந்தால் 5 வரவேண்டிய இடத்தில் 8, 10 என்று வரும். அந்த நிலையில் பலகையைப் பொருத்தினால் சிப்கள் போய்விடும். அனுபவமுள்ளவர்கள் முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் பழைய இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைப்பார்கள். ரான்ஸ்போமர் வகையில் பல்பு ஒருகணம் மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் ஷோர்ட் அப்படியே இருக்கிறது.

சிலவேளை கீபோர்ட் உயிரோடு எழும்பும், ஆனால் திரையில் அர்த்தமில்லாத எழுத்துகளும் வாயில் விசித்திரச் சத்தமும் வரும். டிஎக்ஸ்7 இல் இதற்குப் பழியை மின்சாரத்தின்மேல் மட்டும் போட முடியாது. அதன் 32 குரல்களையும் நினைவில் வைத்திருப்பது உள்ளே ஈயம் வைத்து ஒட்டிய ஒரு சிஆர்2032 லித்தியம் பற்றரி, மணிக்கூட்டில் வரும் பொத்தான் வகைதான். நாற்பது வருடக் கருவியில் அது தீர்ந்திருக்கலாம். பற்றரியை மாற்றி, கணினியிலிருந்து மிடி வயர் வழியாகக் குரல்களை மீண்டும் ஏற்றிவிடலாம். பழைய பற்றரியைக் கழற்றினால் மிச்சமிருக்கும் குரல்களும் அழியும் என்பதால், நீங்களே உருவாக்கியவை இருந்தால் முதலில் அவற்றைக் கணினிக்கு எடுத்துவிடுங்கள். புதிதாக ஒட்டும்போது பற்றரித் தாங்கி ஒன்றைப் பொருத்தச் சொன்னால் அடுத்த முறை ஈயம் தேவைப்படாது.