தொலைபேசி மரியாதையும் சிவப்பு மையும்

கந்தோரில் தொலைபேசியில் எவ்வாறு பேசுவது என்பதற்கு ஆங்கிலத்தில் விதிகள் எழுதும் பொறுப்பு, பள்ளியில் மட்டும் அம்மொழியைக் கற்ற இளம் எழுதுவினைஞர் ஒருவரிடம் வந்து சேர்வதுண்டு. அவர் எழுதிய தாள் மேலதிகாரியின் சிவப்பு மையோடு திரும்பி வரும். பிழை இன்னதென்று காட்டப்படும். அஃது ஏன் பிழையாயிற்று என்று எவரும் சொல்வதில்லை. அந்த விளக்கத்தின் பெரும்பகுதி தொலைபேசியின் வரலாற்றிலே கிடக்கிறது.

1876ஆம் ஆண்டு மார்ச் 10ஆந் திகதி, பொஸ்ரன் நகரில் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தம் உதவியாளர் வாட்சனைக் கருவி மூலம் அழைத்தார். அடுத்த அறையிலிருந்து வா என்னும் கட்டளையே அது. வணக்கம் எதுவும் அதில் இல்லை. பின்னர் பேச்சை எப்படித் தொடங்குவது என்ற கேள்வி எழுந்தபோது, மாலுமிகளின் 'அஹோய்' என்னும் கூவலையே பெல் விரும்பினார். எடிசனோ 1877 ஆகஸ்டில் எழுதிய கடிதமொன்றில், 'ஹலோ' என்று கூவினால் 10 முதல் 20 அடி தூரம் கேட்கும், அழைப்பு மணி வேண்டியதில்லை என்றார். இன்று இன்சொல்லாய் நாம் கொள்ளும் சொல், மணிக்குப் பதிலாக வந்த ஒரு கூச்சல்!

1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வணிக முறையிலான தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வெளியான அதன் விபரக்கொத்து, பேசும் முறையையும் போதித்தது. 'ஹலோவா' என்று தொடங்குக, 'அவ்வளவுதான்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரால் முடிக்க என்பது விதி. அச்சொல்லை அதே எழுத்துக்களோடு இன்று ஒரு மாணவர் எழுதினால், ஆசிரியர் வட்டமிடாது விடுவாரா?

கருவியின் உறுப்புக்களும் சொற்களாய் உறைந்தன. பேசி முடித்ததும் கைப்பிடியைச் சுழற்றி மணியடித்து நிலையத்துக்கு அறிவிப்பது அக்கால வழக்கம். ஆதலால் முடிப்பது 'றிங் ஓவ்' ஆயிற்று. கேட்கும் குழலைக் கொக்கியில் தொங்கவிட்டதால் 'ஹாங் அப்' வந்தது. நம்மவர் கண்டு பழகியது மேசைமேல் வைக்கும் கருவி. ஆகவே 'வைத்துவிட்டார்' என்கிறோம். அதை அப்படியே பெயர்த்து 'கீப் த போன்' என்று எழுதுகிறார் எழுதுவினைஞர். தொங்குவதற்குக் கொக்கியே இல்லாத கைத்தொலைபேசிக் காலத்தில், அவர் செய்ததில் தர்க்கக் குறை ஒன்றுமில்லை. வழக்கு மட்டுமே அவருக்கு எதிராக நிற்கிறது.

இவற்றினும் நுட்பமானது மரியாதை. 'தாங்கள் யார்?' என்று தமிழில் கேட்டால் பணிவு அந்தத் 'தாங்கள்' என்பதிலேயே அமைந்துவிடுகிறது. ஆங்கிலமோ ஒருமைக்குரிய பழைய 'தௌ' என்பதைப் பொதுவழக்கிலிருந்து நழுவவிட்டு, பெரியோர்க்கும் சிறியோர்க்கும் 'யூ' ஒன்றையே வைத்துக்கொண்டது. ஆகவே பணிவை வாக்கிய அமைப்பில் ஏற்ற வேண்டியதாயிற்று: 'பேசுபவர் யார் என்று நான் அறியலாமா?' என்று அனுமதி கேட்கிறார்கள். இதை அறியாத எழுதுவினைஞர் 'ஹூ ஆர் யூ?' என்று கேட்கும்படி விதி எழுதுகிறார். அவர் மனத்தில் இருந்த 'தாங்கள்' வழியிலே தொலைந்துபோகிறது. கேட்பவர் காதில் அதட்டலே விழுகிறது. அவரைப் பண்பற்றவர் என்று கருதுவது அநியாயம். சிவப்பு மை இவ்விடத்தில் ஒரு வரி விளக்கமும் எழுதியிருக்கலாம்.

'நான் இன்னார் பேசுகிறேன்' என்பதும் இத்தகையதே. ஆங்கிலேயர் கம்பியில் வரும் முகமறியாக் குரலைச் சுட்டி, 'இது இன்னார்' என்பர். மறுமுனையிலிருப்பவரை விசாரிக்கும்போது இங்கிலாந்தில் 'அது யார்?' என்று கேட்பது வழக்கம். அமெரிக்கரோ 'இது யார்?' என்பர். இரண்டில் எதை எழுதினாலும் அடித்துத் திருத்த எந்த அதிகாரிக்கும் காரணமில்லை.