விவாகவழிக் குடியேற்றம்: பாலவனத்தம் வட்டாரத்துத் தம்பதிகளின் காத்திருப்பு

ஒரு தேசத்தின் பிரஜையாகவோ, அங்கே நிரந்தர வாசத்துக்கோ உத்தியோகத்துக்கோ அனுமதி பெற்றவராகவோ இருக்கும் ஒருவர், வேறு தேசத்தில் இருக்கும் தம் கணவனையோ மனைவியையோ சட்டப்படி தம்மிடம் வரவழைத்துக்கொள்ளும் முறை விவாகவழிக் குடியேற்றம் எனப்படும். தாலி ஏறிய நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் நடுவே, சில மாதங்களில் முடிவதும் உண்டு, சில ஆண்டுகள் நீள்வதும் உண்டு என்னும்படியான ஒரு காலம் கிடக்கிறது. சட்டநூல்கள் அதை நடைமுறைக் காலம் என்று ஒரு வரியில் முடித்துவிடும். விருதுநகர் மாவட்டத்தில் பாலவனத்தத்துக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட ஊர்களிலோ, ‘பேப்பர் போட்டிருக்கு’ என்ற இரண்டு சொல்லில் அது அடங்கிவிடும். அந்தக் காலத்தின் இயல்பை இவ்வட்டாரத்தை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

பாலவனத்தம், விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள பழைய ஜமீன் ஊர். 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இந்த ஜமீனுக்கு உரியவர். கண்மாய் நிரம்பினால் விளைச்சல், நிரம்பாவிட்டால் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மல்லியும் கொடுத்தது போதும் என்று இருக்க வேண்டிய கரிசல் நிலம் இது. திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஆகவே பிழைப்புத் தேடிக் கடல் கடப்பது இங்கே பழைய வழக்கம். வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பாண்டித்துரைத் தேவரே தலைவராக இருந்தார் என்பதும், அந்தக் கம்பெனியின் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை. அக்காலத்தில் கணவன் இருக்கும் இலங்கைக்கு மனைவி போவதற்குக் கப்பல் சீட்டும் துணைக்கு ஓர் ஆளும் போதும். இவள் இன்னாருடைய மனைவிதானா என்று எந்த உத்தியோகஸ்தரும் கேட்டதில்லை.

அந்த வசதி ஏறத்தாழ 1949 வரை நீடித்தது. இலங்கை சுதந்தரம் பெற்ற 1948-இலேயே குடிவரவு, குடியகல்வுச் சட்டம் இயற்றப்பட்டு, 1949 நவம்பர் முதல் அமலுக்கு வந்தது. அதே 1949-இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், விவாகமானவர் ஏழாண்டும் ஆகாதவர் பத்தாண்டும் இடைவிடாமல் அங்கே வசித்திருக்க வேண்டும் என்றதோடு, விண்ணப்பிப்பவரின் மனைவியும் அங்கேயே வசித்து வந்தவளாக இருக்க வேண்டும் என்றும் விதித்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதும், கொடைக்கு ஊர் திரும்புவதும், மாமனாரின் புஞ்சையைப் பார்க்க மனைவியை ஊரிலேயே விட்டுவைப்பதும் இயல்பாக இருந்த ஒரு சமூகத்துக்கு இந்த நிபந்தனை எவ்வளவு பாதகமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, நிர்க்கதியாக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, எஞ்சியோரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு இந்தியப் பிரஜாவுரிமையும் இன்னொருவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்து, யார் யாரோடு போவது என்று தெரியாமல் தம்பதிகள் ஆண்டுக்கணக்காகத் திகைத்து நின்றமை அந்த உடன்படிக்கையின் கணக்கில் சேராத விளைவு.

விவாகம் ஒன்று விவாகந்தானா என்ற கேள்வியை அன்னிய நீதிபதி ஒருவர் எழுப்பிய பிரசித்தமான சந்தர்ப்பம் தென்னாப்பிரிக்காவில் நேர்ந்தது. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர்களின் சந்ததியார் நிறைந்த அந்நாட்டில், 1913 மார்ச் 14 அன்று கேப் மாகாண உயர்நீதிமன்றத்து நீதிபதி ஸர்ல், பலதார மணத்தை அனுமதிக்கும் மதச் சடங்கின்படி இந்தியாவில் மணம் புரிந்துகொண்டு வந்த ஒரு பெண்ணை, சட்டத்தின் கண்ணில் மனைவியாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தார். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் ஆகியோருடைய விவாகங்கள் அனைத்தும் ஒரே நாளில் ஐயத்துக்கு உள்ளாயின. காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு உடனடிக் காரணம் இதுவே. டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பினர். சிறை சென்று நோயுற்று வெளிவந்த பதினாறு வயதுத் தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர்நீத்தார். அவ்வாண்டே இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம், ஒருவருக்கு ஒரு மனைவி என்ற அளவில் அவ்விவாகங்களை ஏற்றுக்கொண்டது.

இதே கேள்வி அருப்புக்கோட்டைப் பக்கத்துக்கும் புதியதன்று. புரோகிதரும் மந்திரமும் இல்லாமல் நடந்த முதல் சுயமரியாதைத் திருமணம் என்று இயக்க வரலாறு குறிப்பது, 1928-இல் பெரியார் தலைமையில் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நடந்த திருமணத்தைத்தான். அப்படிப்பட்ட மணங்கள் செல்லா என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953-இல் கூற, அண்ணா முதலமைச்சரான பின் 1967-இல் இந்து விவாகச் சட்டத்தில் செய்த திருத்தமே அவற்றுக்குச் சட்டபூர்வமான அந்தஸ்தைத் தந்தது. ஊர் முழுதும் கூடிச் சாப்பிட்டு, மொய் நோட்டில் பேரும் ஊரும் தொகையும் எழுதிவிட்டுப் போன ஒரு கல்யாணம், நாற்பதாண்டு காலம் சட்டத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தது என்பதை இன்றைய விசா விண்ணப்பதாரர்கள் அறிந்தால் சிறிது ஆறுதல் அடையக்கூடும்.

பிரிட்டன் இவ்விஷயத்தில் விட்டுச் சென்ற நினைவு கசப்பானது. மணம் புரிந்துகொள்ளும் நோக்கத்துடன் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்தியப் பெண் ஒருவர் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்ட செய்தி 1979-இல் பத்திரிகையில் வெளியாகிப் பெருங்கண்டனம் எழுந்தபின்தான் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. எழுதவே கை கூசும் செய்தி இது. விவாகத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அன்று என்பதை விண்ணப்பிப்பவரே நிரூபிக்க வேண்டும் என்ற விதி 1997 வரை அங்கே இருந்தது. பின்னர் நோக்கத்தின் இடத்தில் வருமானம் வந்து அமர்ந்தது: 2012-இல் ஆண்டுக்கு 18,600 பவுன், 2024 ஏப்ரலில் 29,000 பவுன்.

தற்காலத்தில் இவ்வட்டாரத்துப் பொறியியல் பட்டதாரிகள் அதிகம் நாடும் தேசம் அமெரிக்கா; அங்கே செல்லும் வழியும் மிக விரிவானது. கணவர் அந்நாட்டுப் பிரஜையானால் மனைவிக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. நிரந்தர வாசத்துக்கான கிரீன் கார்டு மட்டும் உடையவரானால் ஆண்டு வரம்புக்குட்பட்ட வரிசையில் நிற்க வேண்டும். இரண்டிலும் முதலில் ஐ-130 என்னும் மனு, அது ஏற்கப்பட்டபின் தேசிய விசா மையத்தில் கட்டணமும் சான்றுகளும், வறுமைக்கோட்டின் 125 சதவீதத்துக்குக் குறையாத வருமானம் உண்டு என்று கணவர் எழுதித் தரும் ஆதரவுப் பிரமாணம், பிறகு தூதரகம் நியமித்த மருத்துவரிடம் பரிசோதனை, கடைசியாக நேர்காணல். சென்னை ஜெமினி மேம்பாலத்தருகிலேயே அமெரிக்கத் துணைத்தூதரகம் இருந்தும், குடியேற்ற விசாவுக்கான நேர்காணல் மும்பையில்தான் நடைபெறும். மணமாகி இரண்டாண்டு நிறைவதற்குள் அமெரிக்க மண்ணில் கால் வைப்பவளுக்கு, 1986-ஆம் ஆண்டு விவாக மோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, இரண்டாண்டுக்கான நிபந்தனைக் கார்டே கிடைக்கும்; அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து மீண்டும் மனுச் செய்ய வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு காத்திருப்பு மிஞ்சியிருக்கிறது.

இந்தப் படிகளுள் பாலவனத்தத்து மருமகளை முதலில் மடக்குவது வாஷிங்டன் அன்று, அருப்புக்கோட்டை. 2006 பிப்ரவரியில் சீமா வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மதத்தாரின் விவாகங்களையும் கட்டாயம் பதிவு செய்யுமாறு பணித்ததைத் தொடர்ந்து, தமிழ்நாடு 2009-இல் திருமணப் பதிவுச் சட்டம் இயற்றியது. 90 நாட்களுக்குள்ளும், தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்களுக்குள்ளும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். மாப்பிள்ளையின் லீவு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். முகூர்த்தம், மறுவீடு, குலதெய்வம் கும்பிடுதல் ஆகியவற்றுக்கிடையே ஒரு வேலைநாளில் கல்யாணப் பத்திரிகையும் சாட்சிகளும் சகிதம் அந்த அலுவலகத்துக்குப் போய்வர மறந்த குடும்பம், அதன்பின் மாப்பிள்ளை அடுத்த லீவுக்கு வரும்வரை தவிக்க நேரும்.

அடுத்த இடையூறு பெயர். பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன் ஒற்றை எழுத்து. ஆதாரில் அந்த எழுத்து தந்தை பெயராக விரிந்து பின்னால். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், இட்ட பெயர் என்று ஒரு கட்டம். நம்மவர் பலருக்குக் குடும்பப் பெயர் என்பதே இல்லாமையால், ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு, இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டால், அமெரிக்க விசாவில் அவள் பெயருக்கு முன்னால் ‘எஃப்.என்.யூ.’ என்ற மூன்றெழுத்து, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்னும் குறிப்பு, அச்சாகிவிடும். அதைத் தவிர்க்கத் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்குவதா, கணவர் பெயரையா என்று மதுரைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போகுமுன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது. நடுவில் மாற்றினால் ஒவ்வொரு சான்றும் இன்னொன்றோடு மல்லுக்கு நிற்கும்.

உண்மையான இல்லறம் இது என்பதற்கு அதிகாரிகள் எதிர்பார்க்கும் சான்றுகளில் கல்யாண ஆல்பம் முதன்மையானது. ஈழப்போர்க் காலத்தில் டொரன்டோவிலும் லண்டனிலும் இருந்த மாப்பிள்ளைகள் யாழ்ப்பாணம் செல்ல இயலாமல், பெண்ணைத் திருச்சிக்கோ சென்னைக்கோ வரவழைத்து மணம் முடித்தபோது, அந்த ஆல்பங்கள் விசா அதிகாரியின் மேசையில் எவ்வாறு சாட்சி சொன்னன என்பதைச் சித்தார்த்தன் மௌனகுரு 2019-இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். இப்போது அதனோடு வாட்ஸ்அப் அழைப்புகளின் பட்டியலும், கணவர் அனுப்பிய பணத்தின் வங்கிக் கணக்கும் சேர்ந்துள்ளன. இரவு பத்து மணிக்கு மாடியில் சிக்னல் தேடி நின்றுகொண்டு, அங்கே அப்போதுதான் அலுவலகத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும் கணவனோடு பேசிய ஐந்து நிமிஷமும், பட்டியலில் ஒரு வரியாகிக் கோப்பில் சேர்கிறது.

காத்திருப்பின் பாரம் இருவருக்கும் சமமாக விழுவதில்லை என்பதே இக்கட்டுரையாசிரியரின் அபிப்பிராயம். கணவனுக்கு வேலையும் அறைத்தோழர்களும் உண்டு. மனைவியோ மாமியார் வீட்டில் தலைத் தீபாவளியைத் தனியாகக் கொண்டாடி, ஆடிக்குத் தாய்வீடு போய், திரும்பி வந்து, வேலைக்குச் சேர்ந்தால் விசா வந்துவிடுமே என்று சேராமலும், மேற்படிப்பில் சேர்ந்தால் நடுவில் விட வேண்டுமே என்று சேராமலும் இருக்கிறாள். சந்தைக்குப் போனாலும், ஊர்ச்சாவடி தாண்டினாலும், பஸ்ஸில் ஏறினாலும் கேள்வி ஒன்றே: “ஏந் தாயி, விசா வந்துருச்சா?” ஆறு மாதம் வரை அது விசாரிப்பு, அதற்குமேல் அதில் வேறொரு தொனி ஏறத் தொடங்கும். குழந்தை பிறந்துவிட்டால் சிக்கல் இரட்டிக்கும்: அமெரிக்கப் பிரஜை தம் மனைவிக்காகப் போட்ட மனு குழந்தையைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாது.

அமெரிக்காவில் தற்காலிக உத்தியோகத்துக்கான எச்-1பி விசாவில் இருப்பவனின் மனைவி, சார்ந்தோருக்கான எச்-4 விசாவில் விரைவில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் உத்தியோகவழிக் கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற வரம்பினால் இந்தியர் வரிசை பல்லாண்டுகள் நீள்வதால், காத்திருக்கும் இடம் பாலவனத்தத்திலிருந்து டெக்சாஸுக்கு மாறுகிறதேயன்றிக் காத்திருப்பு தீர்வதில்லை. 2015 மே வரை அந்த மனைவியருக்கு வேலை செய்யும் உரிமையே இல்லை. அதன் பின்பும் கணவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட படியைத் தாண்டியவர்களுக்கே பெரும்பாலும் கிடைக்கிறது.

இதுவரை கூறியது வரிசையில் நிற்க இடம் கிடைத்தவர்களைப் பற்றியது. இந்த வானம் பார்த்த பூமியிலிருந்து கடல் கடப்பவர்களுள் கட்டட வேலைக்கும், கப்பல் பட்டறைக்கும், வளைகுடா நாடுகளின் கம்பெனிகளுக்கும் போகிறவர்களுக்கு அந்த வரிசையே கிடையாது. சிங்கப்பூரில் மாதம் 6,000 வெள்ளிக்குக் குறையாத சம்பளமும் அதற்குரிய பாஸும் உடையவரே மனைவியை அழைத்துக்கொள்ளலாம். ஒர்க் பெர்மிட்காரருக்கு எத்தனை ஆண்டு உழைத்தாலும் அவ்வுரிமை வராது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 4,000 திர்ஹாம், அல்லது குடியிருப்புடன் 3,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். சவூதி அரேபியா 2017 ஜூலையில் உடன் வசிக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம், 2020-க்குள் 400 ரியாலாக உயர, குடும்பத்தோடு இருந்த பலர் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இவ்வீடுகளில் எதிர்பார்ப்பது விசாவை அன்று, லீவை. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓரிரு மாதம். மனைவியை அழைப்பதில் மட்டுமன்று, மணப்பதிலும் தடை உண்டு: சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்காரர் அந்நாட்டுப் பிரஜையையோ நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினால், அவர் பெர்மிட் முடிந்து ஊர் திரும்பிவிட்ட பிறகும்கூட, அந்நாட்டு மனிதவள அமைச்சின் முன் அனுமதியைப் பெற்றே மணக்க வேண்டும்.