புன்னைக்காயல்: துறை தூர்ந்தது, நூல் நின்றது

மானகிரியில் கடல் இல்லை. ஆயினும் அவ்வூரைச் சூழ்ந்த செட்டிநாட்டு நகரத்தார், தம் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுக வணிகர் என்றே வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். துறைமுகம் மறைந்தபின்னும் அதன் நினைவு உள்நாட்டில் வாழ்கிறது. இந்த எண்ணத்தோடுதான் நாம் மானகிரியிலிருந்து புறப்பட்டு, தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலை அடைந்தோம்.

கரையில் வள்ளங்கள், மணலில் உலரும் வலைகள், முகத்துவாரத்தில் அலையாத்தி மரங்கள். கண்ணுக்கினிய சிற்றூர்! ஆனால் இத்துறையின் வரலாறு ஆற்றின் வரலாறே. சங்க காலத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை, ஆறு கொணர்ந்த வண்டலால் கடலை இழந்தது. பின்னர், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ போற்றிய காயல் செழித்தது, அதுவும் தூர்ந்தது. போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயல் தலையெடுத்தது. இறுதியில் தூத்துக்குடியே பெருந்துறையாயிற்று.

1542இல் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து, 1546இல் இந்தியா வந்தவர் இயேசு சபையின் அண்டிரிக் அடிகளார். யூத மரபில் பிறந்தவர் என்பதால் வேறொரு சபையில் இடம் மறுக்கப்பட்டவர் அவர். மறுக்கப்பட்ட அம்மனிதர் பரதவ மக்களின் மொழியைத் தம் மொழியாக்கிக்கொண்டார். தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூலே இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல். புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் 'அடியார் வரலாறு' 1586இல் வெளிவந்தது. அது புன்னைக்காயலிலேயே அச்சானது என்பது அறிஞர் பலரின் முடிபு. இவ்வச்சுப் பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள் கடலோடி வாழ்ந்த நம் மக்களே என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் நெகிழ்கிறது.

1600இல் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அச்சுக்கூடம் இன்று இல்லை. 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில் காக்கப்பட்டதாலன்றோ, இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் அதனை மீண்டும் பதிப்பிக்க முடிந்தது! நம் முன்னோர் பொருள் தந்து வளர்த்த செல்வம், நம் கரையில் நில்லாமல் கடல் கடந்தே பிழைத்தது.

ஆறு துறையைத் தூர்த்ததற்கு எவரும் பொறுப்பல்லர். ஏடுகள் செல்லரிப்பதற்கு நாம் பொறுப்பாளிகள். நம் பங்குகளில் பழைய திருமுழுக்குப் பதிவேடுகள், செப நூல்கள், அம்மானைகள் எங்கே கிடக்கின்றன? வீடு திரும்பியதும் முதலில் நம் ஆலயத்துப் பழைய அலமாரியைத் திறந்து பார்ப்போம் என்ற உறுதியோடு அக்கரையை விட்டு அகன்றோம்.