மூன்றாவது டேப்

நான்கு வருடங்களுக்கு முன்பு ஓர் அறக்கட்டளைக்குக் கல்வி உதவித்தொகைக்கான வலைப்பக்கம் ஒன்றைச் செய்துகொடுத்தேன். சொல்ல வேண்டிய விஷயம் நிறைய. அப்படியே கொட்டினால் பக்கம் நீண்டுகொண்டே போகும் என்று நான்கு டேப்களாகப் பிரித்தேன்: அறிமுகம், தகுதி, ஆவணங்கள், விண்ணப்பம். பார்க்கக் கச்சிதமாக இருந்தது. எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு ஒரு மாணவியின் அப்பா போன் செய்தார். அலுவலகத்தில் அந்த அழைப்பை என்னிடம் தள்ளிவிட்டார்கள். "சார், பிரவுசிங் சென்டர்ல அந்தப் பக்கத்த பிரின்ட் எடுத்து, அதப் பாத்துதான் எல்லாம் ரெடி பண்ணோம். வருமானச் சான்றிதழ் வேணும்னு அதுல எங்கயுமே போடலயே?"

போட்டிருந்தேன். மூன்றாவது டேப்பில். ஆனால் தாளில் அச்சானது திறந்திருந்த முதல் டேப் மட்டும். மற்ற மூன்றும் வெறும் தலைப்புகளாக மேலே நின்றன. தாளில் எதைப் போய் கிளிக் செய்வது? இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று தாண்டி, தாசில்தார் ஒப்புதல் கிடைக்க இரண்டு நாள் போதவில்லை. அந்த வருடம் அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த டேப் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். தாளில் தோற்றுப்போன அது, தாளிலிருந்துதான் வந்திருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க அலுவலகங்களில் வரும் கடிதங்களை மடித்து, மேசையோடு சேர்ந்த சின்னச் சின்ன மாடங்களில் செருகி வைப்பார்கள். ரயிலும் காப்பீடும் வளர வளரக் காகிதம் மாடங்களில் அடங்கவில்லை. நூலகங்களிடம் இதற்கு ஒரு வழி இருந்தது: ஒரே அளவில் வெட்டிய அட்டைகளை இழுப்பறைக்குள் நிமிர்த்தி அடுக்குவது. டூயி தசம முறையைத் தந்த மெல்வில் டூயி ஆரம்பித்த லைப்ரரி பீரோ நிறுவனம், நூலகங்களுக்கு விற்ற அந்த அட்டைகளை வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் விற்றது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில், கடிதங்களையும் அதேபோல நிமிர்த்தி வைக்கும் முறையைக் காட்சிக்கு வைத்தது.

நிமிர்த்தி வைத்தால் முன்னால் நிற்பது பின்னால் நிற்பதை மறைக்கும். இதற்கு விடை, 1897இல் ஜேம்ஸ் நியூட்டன் கன் காப்புரிமை பெற்ற அட்டை. அதன் மேல்விளிம்பில் ஒரு சிறு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதில் பெயரோ எழுத்தோ எழுதலாம். நாக்குகளை அட்டைக்கு அட்டை இடம் மாற்றி வைத்தால், ஒரே பார்வையில் அத்தனையும் தெரியும். ஏற்கெனவே மறைந்துகிடந்ததை வெளியே காட்டத்தான் டேப் பிறந்தது. பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பதும் மறையாது. இழுப்பறையை இழுத்தாலே அதன் தடிமன் கைக்குத் தெரிந்துவிடும்.

கணினித் திரைக்கு வந்தபோது காணாமல் போனது அந்தத் தடிமன்தான். 1992இல் ஐபிஎம் வெளியிட்ட ஓஎஸ்/2 2.0இல் அமைப்புகளுக்கான ஜன்னல், சுருள்கம்பி போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரியே ஓரத்தில் டேப்களோடு இருந்தது. விண்டோஸ் 95 டேப்பை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அங்கே அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஜன்னல் சின்னது, விஷயம் பெரியது. ஆனாலும் வேர்ட் 97இன் ஆப்ஷன்ஸ் ஜன்னலைத் திறந்தவர்களுக்கு நினைவிருக்கும்: டேப்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளில் நிற்கும். பின்வரிசையில் ஒன்றைத் தொட்டால் அந்த வரிசையே குதித்து முன்னால் வரும், நாம் பார்த்துவைத்த இடமெல்லாம் மாறிப்போகும். எந்தக் காகித அட்டையும் இப்படிக் குதித்ததில்லை.

அமேசான் 1998இல் புத்தகம், இசை என்று சில டேப்களோடு தொடங்கியது. கடைகள் கூடக் கூட, 2000இல் டேப்கள் இரண்டு வரிசையாகிவிட்டன. பிறகு அமேசானே அவற்றைக் கைவிட்டது.

அமேசானின் அந்த டேப்களிலாவது ஒவ்வொன்றும் தனிப் பக்கம். தனி முகவரி உண்டு, அச்செடுத்தால் பார்ப்பது வரும். ஜாவாஸ்கிரிப்ட் வளர்ந்த பிறகு வேறு வகை பெருகியது. எல்லாப் பகுதிகளும் ஒரே பக்கத்தில் வந்து இறங்கும். ஒன்றை மட்டும் காட்டிவிட்டு மற்றவற்றை ஒளித்துவைப்போம். 2007இல் வந்த ஜேகுவெரி யுஐயில் டேப் தயாராகவே இருந்தது. சில வரிகளில் வேலை முடிந்துவிடும். அத்தனை சுலபமாக இருந்ததால், ஒளிக்கத்தான் வேண்டுமா என்று என்னைப் போன்றவர்கள் யோசிக்கவே இல்லை. ஜன்னலைப் போல வலைப்பக்கத்துக்கு அடிவிளிம்பு கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் கீழே போகலாம். அங்கே இடநெருக்கடி இல்லை, நமக்கு அழகு வேண்டியிருந்தது.

கண் தெரியாதவர்களின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. திரைவாசிப்பானுக்கு டேப் என்பது வெறும் இணைப்புகளின் பட்டியலாகத்தான் இருந்தது. எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று சொல்ல வழியில்லாமல் இருந்தது. 2014இல் டபிள்யூ3சி முறைப்படி வெளியிட்ட ஏரியா தரம்தான் 'டேப்லிஸ்ட்', 'டேப்', 'டேப்பேனல்' என்று அவற்றுக்குப் பெயர் கொடுத்தது. ஒளித்துவைத்த பகுதியைப் பக்கத்துக்குள் தேடினால் கண்டுபிடித்துத் திறந்துகாட்டும் வசதி குரோமில் வந்தது 2022இல். இவ்வளவுக்குப் பிறகும் எச்டிஎம்எல்லில் டேப்புக்கென்று தனியாக ஓர் உறுப்பு கிடையாது. நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். பிழையும் நம்முடையதுதான்.

அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். முதலில் டேப்பே இல்லாமல், தலைப்புகளோடு ஒரே நீளப் பக்கமாக எழுதினேன். அதன்மேல்தான் டேப்பைப் போர்த்தினேன். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் எல்லாம் படிக்கக் கிடைக்கும். அச்செடுக்கும்போது எல்லா டேப்களும் விரிந்துகொள்ளும்படி தனி ஸ்டைல் எழுதினேன், ஏழெட்டு வரிகூட வராது. ஆவணங்களின் பட்டியலை டேப்பிலிருந்தே எடுத்து மேலே வைத்துவிட்டேன். இதுவா அதுவா என்று ஒருவர் தேர்ந்தெடுக்கக்கூடிய விஷயத்துக்குத்தான் டேப் சரி. எல்லோரும் படித்தே ஆக வேண்டியதை அதற்குள் வைக்கக் கூடாது.

அடுத்த வருடம் அந்தப் பெண் விண்ணப்பித்தாளா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்போதெல்லாம் எந்தப் பக்கத்தையும் ஒப்படைக்கும் முன் ஒரு பிரின்ட் எடுத்து, அவளுடைய அப்பாவைப் போல உட்கார்ந்து முதலிலிருந்து படித்துப் பார்க்கிறேன்.