‘ஸ்லோ’ நிற்காத என்ஜின்: என்ஜினைப் பிரிக்க முன்னர் பார்க்கவேண்டிய சிறிய வால்வு

வடக்கு, கிழக்கில் பழைய காரோ வானோ ஒன்றுதான் பல குடும்பங்களின் வருமானம். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவதும், ஆஸ்பத்திரி ஹயர் ஓடுவதும், சந்தைக்கு மரக்கறி கொண்டுபோவதும் அதில்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. திறந்த பிறகும் அந்த விலைகள் சாதாரண குடும்பம் ஒன்றுக்கு எட்டாதவை. எனவே இருபது, முப்பது வருடம் ஓடிய கொரோலாவையும் சனியையும் லான்சரையும் திருத்தித் திருத்தியே ஓட்டவேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுரைக்காகக் கராஜ்களில் பேசியபோது நான் அடிக்கடி கேட்ட முறைப்பாடு ஒன்று: “ஓடும்போது பிரச்சினையில்லை, சிக்னலில நிண்டா உதறுது. ஸ்லோ நிக்குதில்லை.” கிளிநொச்சியில் சந்தித்த ஹயர் சாரதி ஒருவர் இதற்காகப் பிளக் மாற்றி, கொயில் மாற்றி, இன்ஜெக்டரும் கழுவியிருந்தார். அடுத்ததாக என்ஜினைப் பிரிக்கவேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. கடைசியில் கண்டுபிடிக்கப்பட்டது, மனிபோல்டுக்குப் பின்புறம் வெடித்திருந்த ஒரு விரல் நீள ரப்பர் குழாய். “பிளக் மாத்தினா எல்லாருக்கும் தெரியும். குழாயைப் பார்த்தா ஆருக்குத் தெரியும்?” என்று சிரித்தார் அதைக் கண்டுபிடித்த வயதான மெக்கானிக்.

அந்தக் குழாயின் வேலை என்ன?

சிலிண்டருக்குள் எரியும் வாயுவில் ஒரு பகுதி, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே ஒயில் இருக்கும் இடத்துக்குள் இறங்கும். புது என்ஜினிலும் இது நடக்கும். அந்த வாயுவில் எரியாத பெற்றோலும் நீராவியும் அமிலத்தன்மையும் இருக்கும். வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி, ஒயில் சீல்களைத் தள்ளும். ஒயிலும் கறுத்துச் சேறாகும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்டின்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சரியாக எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கியதும் இதே வழியால்தான். அந்தக் காலத்து என்ஜின்கள் இந்தப் புகையைத் திறந்த குழாய் ஒன்றின் வழியே வெளியே விட்டுவிடும்.

காற்று மாசைக் குறைப்பதற்காக, புகையைத் திரும்ப என்ஜினுக்கே உறிஞ்சக் கொடுக்கும் முறையை 1961 இல் கலிபோர்னியா கட்டாயமாக்கியது. பின்னர் அது உலகெங்கும் பரவியது. டப்பட் கவரில் செருகப்பட்டிருக்கும் சிறிய பிசிவி வால்வும், அதிலிருந்து இன்டேக் மனிபோல்டுக்குப் போகும் குழாயும்தான் அது. இன்னொரு குழாய் எயார் பில்டர் பக்கத்திலிருந்து சுத்தமான காற்றைக் கவருக்குள் கொண்டுவரும்.

ஸ்லோவில் நிற்கும்போது மனிபோல்டின் உறிஞ்சல் மிக அதிகம். அப்போது வால்வுக்குள் இருக்கும் ஸ்பிரிங், கொஞ்சக் காற்றை மட்டும் போகவிடும். அக்சிலேட்டர் மிதிக்கும்போது அதிகமாகத் திறக்கும். வால்வு திறந்தபடி இறுகினாலோ குழாய் வெடித்தாலோ ஸ்லோவில் கணக்கில்லாத காற்று உள்ளே போகும். கலவை மெலிந்து என்ஜின் உதறும், சில என்ஜின்களில் ஸ்லோ ஏறி இறங்கும். வேகத்தில் என்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றோடு ஒப்பிட்டால் அந்தக் கசிவு சிறியது என்பதால் குறை மறைந்துவிடும். மாறாக வால்வு அடைபட்டால், எயார் பில்டருக்குள் ஒயில் வரும், சீல்கள் கசியும், ஸ்லோவும் குழம்பலாம்.

வீட்டிலேயே பார்க்கும் முறை

ஹான்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் விடுங்கள். ஓட்டோ கியர் என்றால் பார்க்கில் விடுங்கள். சேலைத் தலைப்பு, சால்வை, தலைமுடி பெல்ட்டுக்கும் ஃபானுக்கும் அருகே போகக்கூடாது.

1. என்ஜின் நின்றிருக்கும்போது குழாய்களை முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் வளைவின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கும். ஒயிலில் ஊறிச் சதசதவென்று இருந்தாலும் மாற்றவேண்டியதுதான்.

2. என்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு, வால்விலிருந்து போகும் குழாயை மனிபோல்டுக்கு மிக அருகில் நசுக்கிப் பிடியுங்கள். ஸ்லோ சற்று இறங்கினால் அல்லது ஒரு கணம் மாறிச் சரியானால் நல்லது. உதறல் நின்று சீரானால், அந்த வால்வோ குழாயோதான் குற்றவாளி. எந்த மாற்றமுமே இல்லையென்றால் அடைப்பாக இருக்கலாம்.

3. வால்வைக் கவரிலிருந்து கழற்றி, குழாயோடு இருக்கும்போதே அதன் வாயில் விரலை வையுங்கள். உறிஞ்சல் தெரியவேண்டும். பின்னர் என்ஜினை நிறுத்தி, வால்வைத் தனியே எடுத்துக் குலுக்குங்கள். ‘டிக் டிக்’ என்று சத்தம் வராவிட்டால் உள்ளே இறுகியிருக்கிறது. சத்தம் வந்தால் மட்டும் நல்லது என்று முடிவெடுக்க வேண்டாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்.

4. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, சுத்தக் காற்று வரும் குழாயைக் கவரிலிருந்து கழற்றி இரு பக்கத்தையும் அடையுங்கள். ஒயில் மூடியைத் திறந்து, அந்த வாயில் சற்றுத் தடித்த கடதாசியொன்றை வையுங்கள். சிறிது நேரத்தில் அது உறிஞ்சப்பட்டு ஒட்டவேண்டும். மூடி திறந்ததும் ஸ்லோ மாறுவது சில புதிய என்ஜின்களில் இயல்பு. ஆனால் மூடியைத் தூக்கவே முடியாத அளவு உறிஞ்சலும் விசில் சத்தமும் இருந்தால், டயபிரம் உள்ள வகைகளில் அது கிழிந்திருக்கலாம்.

ஸ்கானர் வசதியுள்ள கராஜ் என்றால், கலவை மெலிவைக் காட்டும் பி 0171 என்ற கோட் இருக்கிறதா என்று கேளுங்கள். எரிபொருள் திருத்தம் ஸ்லோவில் அதிகமாக இருந்து, 2500 ஆர்பிஎம் அளவில் வழமைக்குத் திரும்பினால் அது காற்றுக் கசிவின் அடையாளம். கசிவு தேடப் பெற்றோல் தெளிப்பதை அனுமதிக்காதீர்கள். சூடான என்ஜினில் அது தீ விபத்து.

எப்போது பெரிய வேலை?

வால்வும் குழாயும் சரியாக இருந்தும் ஒயில் வாயிலிருந்து புகை அழுத்தத்தோடு அடித்தால், ரிங் தேய்ந்திருக்கக்கூடும். அப்போதும் கம்பிரஷன் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்களைப் பார்க்காமல் என்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். டீசல் வான்களுக்கு மேலே சொன்ன உறிஞ்சல் சோதனைகள் பொருந்தாது, அவற்றின் அமைப்பு வேறு.

மூன்று தவறான வைத்தியங்கள்

குழாயில் ஆணியை அடித்து அடைத்துவிடுவது முதலாவது. உதறல் அன்றைக்கே நிற்கும். சில மாதத்தில் சீல்கள் ஒயில் கக்கும். இரண்டாவது, சைக்கிள் ரியூப்பையோ தண்ணீர் ஹோஸையோ மாட்டுவது. ஒயிலும் சூடும் பட்டு அது இளகி, உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். ஒயிலைத் தாங்கும் ஹோஸையே கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, பார்வைக்கு ஒத்திருக்கிறதென்று வேறு என்ஜினின் வால்வைப் பூட்டுவது. ஸ்பிரிங்கின் அளவு ஒவ்வொரு என்ஜினுக்கும் வேறு. பஞ்சிகாவத்தையில் ஆள் பிடித்து எடுப்பித்தாலும் என்ஜின் இலக்கத்தைச் சொல்லி எடுப்பியுங்கள்.

உலோக வால்வு என்றால் கிளீனரால் கழுவிப் பார்க்கலாம். பிளாஸ்டிக் என்றால் மாற்றுவதே நல்லது. அடைப்பு நீண்டநாள் இருந்திருந்தால் ஒயிலையும் பில்டரையும் சேர்த்து மாற்றுங்கள்.

கராஜ்காரர் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவரவில்லை. வேலை நெருக்கடியில், கண்ணுக்குத் தெரியும் பாகமே முதலில் கழற்றப்படுகிறது. வாகனத்தைக் கொடுக்கும்போதே “பிசிவி குழாயை நசுக்கிப் பார்த்தீங்களா அண்ணை?” என்று கேளுங்கள். பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். என்ஜினைப் பிரித்தால் கிழமைக்கணக்கில் ஹயர் இல்லை.